புறாமலையில் சுழியோடப் போகிறவர்கள் ஊரில் காணிப் பேச்சு எடுக்க வேண்டாம்

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் ஐந்து நாள் தங்கப் போகிறீர்களா? ஐந்து நாளும் உங்களுடையவை என்று நம்பாதீர்கள். என்னுடைய ஐந்தில் மூன்று, ஒரு கந்தோர் வாங்கில் போயிற்று. மிச்சத்தை ஒரு தடிமன் கொண்டுபோனது.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இது வாய்ப்பு. மார்கழி விடுமுறையில் போகிறவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம். வடகீழ்ப் பருவக்காற்றில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும்.

புறாமலைத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றிய முருகைக்கல் பெரும்பகுதி வெளிறிச் செத்தபோது, இந்தப் பக்கம் பெருமளவு தப்பியது. அதை நான் தெரிந்துகொண்டது கனடாவில் இருந்தபோது. சிறுவயதில் ஒவ்வொரு நாளும் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறேன்; ஒரு நாளும் போனதில்லை. கடற்படை, கட்டுப்பாடு, பயம். பதினெட்டு வயதில் விமானம் ஏறிவிட்டேன். இப்போது நுழைவுச்சீட்டில் எனக்கு வெளிநாட்டவர் கட்டணம். முறைப்படி சரிதான். ஆனாலும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

ஒன்றை மட்டும் புறப்படுமுன் செய்துவிடுங்கள். சுழியோட்ட நிலையத்தில் உடல்நலக் கேள்விப் பத்திரம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இதயநோய், சீனி வருத்தம் என்று எதற்காவது ‘ஆம்’ போட்டால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் இறக்கமாட்டார்கள். ஐம்பது தாண்டிய நம்மவர்களில் எத்தனை பேர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட முடியும்? உங்கள் குடும்ப மருத்துவரிடம் அங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். பொய் எழுதாதீர்கள். பயணக் காப்புறுதி சுழியோட்டத்தையும் சேர்க்கிறதா என்று அதோடு பார்த்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போய் இறங்கிய அன்றிரவு, புட்டும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டுச் சித்தப்பா சொன்னார்: “தம்பி, ஒரே ஒரு கையெழுத்து. அரை மணித்தியால வேலை.” அப்பப்பாவின் காணியில் அப்பாவின் பங்கு என் பெயரில் இருந்தது. முப்பது வருடமாக வேலி அடைத்து, தென்னைக்குத் தண்ணீர் இறைத்து, சுனாமிக்குப் பிறகு கிணற்றை மூன்று தடவை இறைத்துத் துப்புரவாக்கியவர் அவர். கேட்டதில் தவறே இல்லை. அதனால்தான் எரிச்சல் கூடியது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கந்தோருக்குப் போய்விட்டோம். பத்தரைக்கு என் கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உத்தியோகத்தர், இவர்கள் இரண்டு பேர் என்றார். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கனடாக்காரன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பின்னால் தள்ளிவிட்டான். போதாததற்கு எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தையும் விழுங்கிவிட்டான். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கடதாசி தயார். உத்தியோகத்தர் வெளிக்களம் போய்விட்டார். நான்கு மணிவரை மின்விசிறிக்குக் கீழே, வியர்த்த சட்டையோடு இருந்தேன். புதன்கிழமை போயா. பௌர்ணமிதோறும் அரசாங்க விடுமுறை என்பதை நான் மறந்தேபோயிருந்தேன். நாட்காட்டியைப் பார்த்துப் பயணம் போடுங்கள். பெயர் மாறியவர்கள் சத்தியக்கடதாசிக்கென்று ஒரு நாளை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

போயா நாள்தானே என்று புதன்கிழமை கடலுக்குப் போனேன், மின்விசிறி தந்த தடிமனோடு. இதுதான் நான் செய்த மடத்தனம். ஆழம் குறைந்த இடம்தானே என்று நினைத்தேன். மேற்பரப்பில் இருக்கும் அழுத்தம் பத்து மீற்றரில் இரட்டிப்பாகிறது. அந்த மாற்றம் காதுக்கு மிகக் கடுமையாகத் தெரிவது முதல் சில மீற்றர்களில். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காது ‘டொக்’ என்று திறக்க வேண்டும். வலது காது திறந்தது. இடதில் யாரோ பென்சிலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. கீழே மான்கொம்பு முருகை, அதற்குள் நீலப்பொடி தூவியதுபோல மீன்கள். காதைக் காட்டிக் கையை ஆட்டினேன். பயிற்றுநர் ஒரு மீற்றர் மேலே கூட்டிப்போய் மறுபடி முயலச் சொன்னார். பிறகு தலையசைத்துவிட்டுப் பெருவிரலை மேலே காட்டினார், ஏறச் சொல்லி. ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது, ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். அதையாவது சரியாகச் செய்தேன்.

வியாழக்கிழமை கையெழுத்து முடிந்தது. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை நள்ளிரவு விமானம். சுழியோடியபின் உடலில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும்: ஒரே ஒரு தடவை இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் பறக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஒரு நாள் முழுதாக விட்டுவிடுவதே நல்லது. இங்கே சுழியோடிவிட்டு அன்றே நுவரெலியா குளிருக்கு ஓடுகிறவர்களும் இதைக் கவனியுங்கள். 600 மீற்றருக்கு மேலான மலையும் இந்தக் கணக்கில் வரும். என் விமானச்சீட்டைப் பார்த்த பயிற்றுநர் காற்றுத் தொட்டியைத் தரவில்லை. அந்தக் காதோடு கேட்டதே தவறு.

காலையில் முகமூடியும் சுவாசக்குழாயும் மட்டும் மாட்டிக்கொண்டு மிதந்தேன். நீண்ட கைச் சட்டை போடுங்கள், வெயிற்பூச்சு வேண்டாம். பல இடங்களில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆழம்தான், ஆகவே துடுப்புக்காலை உதறாதீர்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பேச்சைக் கேட்டால் நம் ரொறன்ரோப் பக்கம், முருகையின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே இருப்பது உயிர் என்று சொன்னேன். முறைத்தார்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கறுக்குமுறுக்கென்று ஒரு சத்தம்: கிளிமீன் முருகையைக் கடிக்கிறது. சற்றுத் தள்ளிப்போய்ப் பின்னால் வெள்ளைப் புகைபோல மணலைக் கழித்துவிட்டு, மீண்டும் வந்து கடிக்கிறது. சுறாவைப் பார்க்கவில்லை.

கரையில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எழுபது வருடம் அந்தத் தீவுக்கு எதிரே இருந்தவர், ஒரு தடவையும் போனதில்லை.

“அங்கே அப்படி என்னதான் இருக்கிறது, தம்பி?”

“முருகைக்கல், சித்தப்பா.”

“அதைத்தானே சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி உன் அப்பப்பா அந்த வீட்டைக் கட்டினார்” என்றார். “வா, சாப்பிட்டுவிட்டுப் புறப்படு. வான் வந்துவிட்டது.”