உறவின்போது வலியா? இடுப்புத் தளத் தசையைத் தளரவிடும் கவனப் பயிற்சி

தாம்பத்திய உறவில் எரிச்சல், குத்தல் என்று சொல்லும் பெண்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில், "பொறுத்துக்கோ, போகப் போகச் சரியாயிடும்." இது கெடுதலான அறிவுரை. வலித்ததை உடல் நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை தொடும் முன்பே இடுப்புத் தளத் தசைகள் (கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குபவை) தாமாக இறுகிக்கொள்ளும். இறுகிய தசை இன்னும் வலிக்கும். பொறுக்கப் பொறுக்க இந்தப் பழக்கம் வலுக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லோரி ப்ராட்டோவின் குழு, பிறப்புறுப்பின் வாயிலைத் தொட்டாலே வலிக்கும் பெண்களுக்கு 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் (உணர்வதை எடைபோடாமல் கவனிக்கும்) பயிற்சி அளித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. வலி குறைந்தது. கீழே உள்ளவை அந்த வழியில் வீட்டில் தொடங்கக்கூடியவை.

முதலில் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சைத் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), பிரசவத் தையல் தழும்பு, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி ஆகியவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சலோடு அடிவயிற்று வலி இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

1. மூச்சு (முதல் 2 வாரம், தினம் 10 நிமிடம்)

சிறுநீர் கழித்துவிட்டு, கதவைத் தாழிட்டு, மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. தொடைகளுக்கு வேலை இருக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்குக் கீழே. 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். இழுக்கும்போது வயிறு உயரும், கீழே தசை லேசாக இறங்கி விரியும். சிறுநீர் வரத் தொடங்கும் கணத்தில் ஒரு தளர்வு தெரியுமே, அதேதான்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும். தசையை இறக்க முக்குவது ஒன்று. அது தளர்வே அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது இன்னொன்று; தாடை இறுகினால் இடுப்பும் சேர்ந்து இறுகுவது வழக்கம். மூன்றாவது, யாரோ சொன்னார்கள் என்று கீகல் (இடுப்புத் தளத் தசையைச் சுருக்கிப் பிடிக்கும் பயிற்சி) செய்வது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் சுருக்கினால் வலி கூடலாம். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்.

2. உடல் முழுக்கக் கவனம்

கால் விரலிலிருந்து முகம்வரை கவனத்தை மெல்ல நகர்த்துங்கள். பலரும் தொடையிலிருந்து நேரே வயிற்றுக்குத் தாவிவிடுவார்கள். முழங்காலுக்குத் தந்த அதே நேரத்தைப் பிறப்புறுப்புக்கும் கொடுங்கள். சூடா, துணியின் உரசலா, ஒன்றுமே தெரியவில்லையா? எதுவானாலும் சரி. "தளர்ந்துவிட்டதா?" என்று சோதிக்காதீர்கள், அந்தச் சோதனையே மறுபடி இறுக்கும்.

கசப்பான பழைய நினைவு மேலெழுந்தால் கண்ணைத் திறந்து எழுந்து உட்காருங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். அப்படி அடிக்கடி வந்தால் தனியே தொடராமல் உளவியல் ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

3. உங்கள் விரல்

நகம் வெட்டி, கை கழுவி, நீர் சார்ந்த ஜெல் தடவிய விரல் நுனியை வெளிப்புறத்தில் மட்டும் வையுங்கள். ஐந்து மூச்சு. வலியை 0 முதல் 10 வரை அளவிடுங்கள். 3க்கு மேல் போனால் கையை எடுத்துவிடுங்கள். "இடப்பக்கம் எரிகிறது, இப்போது குறைகிறது" என்று உணர்வதை மட்டும் மனதுக்குள் சொல்லுங்கள். "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்பது உணர்வல்ல, எண்ணம். வந்தால் மூச்சுக்குத் திரும்புங்கள். தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும், கவனம்.

4. கணவரோடு

இந்த வாரங்களில் உறவு கிடையாது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். 15 நிமிடம் அவர் உங்கள் முதுகு, கை, பாதத்தை மட்டும் தொடட்டும். மார்பும் பிறப்புறுப்பும் வேண்டாம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் விவரித்த முறை இது. "மெதுவா", "போதும்" என்று நீங்கள் சொன்னதும் அவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

8 வாரத்திலும் மாற்றம் இல்லையென்றால், இடுப்புத் தளப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பரிந்துரை தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.