உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு: அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

உபுண்டுவைப் போலவே லினக்ஸ் மின்ட்டும் ஓர் இலவச இயங்குதளம். அதை நிறுவ அரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய மாலையில் செய்யும் வேலைதான் முக்கியம். போன முறை நான் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு வட்டை அழித்தேன். ஐந்து வருடமாகச் சேர்த்த ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள் அத்தனையும் போய்விட்டன. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

2006இல் தொடங்கிய மின்ட், உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. அதனால் உபுண்டுவில் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. மின்ட் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் என்றால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன் என்ற முதன்மைப் பதிப்பு. என் தேர்வு இதுதான்.

படி 1: எடுத்து வையுங்கள்

ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல்+எச் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் தெரியும். அவற்றையும் சேர்த்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு இது மட்டும் போதாது. உபுண்டு 22.04 முதல் அது ஸ்னாப் பொதியாக (உபுண்டு செயலிகளைத் தரும் தனி வடிவம்) வருகிறது. அதன் தரவு 'ஸ்னாப்' என்ற கோப்புறைக்குள் இருக்கும். மின்ட்டில் ஸ்னாப் கிடையாது, அங்குள்ள ஃபயர்ஃபாக்ஸ் வேறு இடத்தில் தேடும். முழுக் கோப்புறையையும் திரும்பப் போட்டாலும் உலாவி காலியாகவே திறக்கும். ஆகவே கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ அழுத்தி, புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். கடவுச்சொற்களையும் ஃபயர்ஃபாக்ஸின் கடவுச்சொல் பக்கத்திலிருந்து தனிக் கோப்பாக எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பை யார் திறந்தாலும் படிக்க முடியும். புதிய உலாவியில் ஏற்றியதும் உடனே அழித்துவிடுங்கள்.

படி 2: பென்டிரைவ்

மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவுவதற்கான வட்டுப் பிரதி) பதிவிறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். உபுண்டுவில் உள்ள 'டிஸ்க்ஸ்' செயலியில் பென்டிரைவைத் தேர்ந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ்' கொடுங்கள். தேர்ந்தது பென்டிரைவ்தானா என்று கொள்ளளவை வைத்து இருமுறை பாருங்கள்.

படி 3: நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

கணினியை இயக்கும்போது பல கணினிகளில் எஃப்12 (எச்பியில் எஃப்9) அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள். வைஃபை, ஒலி, கேமரா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாவற்றையும் இங்கேயே சோதியுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் நிறுவ வேண்டாம். முதலில் அதற்கு வழி தேடுங்கள்.

படி 4: நிறுவுதல்

திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தைச் சொடுக்குங்கள். மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மென்பொருள்) பெட்டியை டிக் செய்யுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பது வட்டு முழுவதையும் துடைத்துவிடும். விண்டோஸும் இருக்கும் கணினியில் அதைத் தொடாதீர்கள்.

படி 5: தமிழ்

சாஃப்ட்வேர் மேனேஜரில் தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, 'இன்புட் மெத்தட்' செயலியில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' என வர வேண்டும். நடுவில் புள்ளி தானாக விழும்.

எல்லாம் சரியானதும் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் செயலியைத் திறந்து முதல் ஸ்னாப்ஷாட் (இப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். அது இயங்குதளத்தை மட்டுமே காக்கும், உங்கள் சொந்தக் கோப்புகளை அல்ல. வெளி ஹார்ட் டிஸ்க்கில் உள்ள நகலை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.