ஆர்ஓஎஸ்ஸை மட்டும் அளந்துவிட்டு எழுந்து போகாதீர்கள்

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, "அக்கா, டிசிஎஃப்டிஏ எப்படிப் போடுறது?" சொல்கிறேன். செல்லுக்குள் உருவாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை, அதாவது ஆர்ஓஎஸ்ஸை, அளக்கும் சாயம் அது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஜேசி-1 சாயத்தையும் அதே நாளில் போடுங்கள்.

புற்றுநோய்ச் செல்லில் ஆர்ஓஎஸ் எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான். பெருகுவதற்கு அது உதவுகிறது. எல்லை மீறினால் செல் செத்துவிடும். அதனால் என்ஆர்எஃப்2 புரதம் வழியாக, ஆர்ஓஎஸ்ஸை அடக்கும் குளுட்டாதயோனைப் பெருக்கிக்கொள்ளும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தானே செரித்துவிடும். ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்லில், என்ஆர்எஃப்2-ஐ அடக்கிவைக்கும் கீப்1 மரபணு கெட்டுப்போனதால் அதற்கு ஓய்வே கிடையாது. அங்கே ஆர்ஓஎஸ் குறைவாகத் தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

கறுப்புச் சுவர் 96 குழித் தட்டில் செல்களை முந்தின நாளே போட்டுவையுங்கள். டிசிஎஃப்டிஏ சாயம் 10 மைக்ரோமோலார், 37 டிகிரி, 30 நிமிடம், இருட்டில். மீடியத்தில் சீரமும் ஃபீனால் ரெட்டும் வேண்டாம்: சீரத்து எஸ்டரேஸ்கள் சாயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே வெட்டிவிடும். கழுவிவிட்டு மருந்து கொடுங்கள். 485 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 535-இல் அளவெடுங்கள். ஒப்பிட, ஆர்ஓஎஸ்ஸை ஏற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த குழி ஒன்று, அதை அடக்கும் என்ஏசியை முன்னதாகவே கொடுத்த குழி ஒன்று கட்டாயம்.

ஜேசி-1-க்குத் தனித் தட்டு. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் நன்றாக இருந்தால் சிவப்பு, இறங்கினால் பச்சை. ஒப்பிட, மின்னழுத்தத்தை இறக்கிக் காட்ட எஃப்சிசிபி மருந்து. இந்த ஊர் டிசம்பர் காலையில் மேசையில் இருக்கும் மீடியம் சில்லென்றிருக்கும். சாயம் துகள் துகளாகப் படிந்து, சிவப்புப் புள்ளிகளாக ஏமாற்றும். 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே கலக்குங்கள்.

டிசிஎஃப் (டிசிஎஃப்டிஏ தரும் ஒளி) ஏறியும் ஜேசி-1-இன் சிவப்பு நிலைத்தால் செல் சமாளிக்கிறது. அப்போது பிஎஸ்ஓ கொடுத்துக் குளுட்டாதயோன் உற்பத்தியை நிறுத்திப் பாருங்கள். எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது என்பது பல நேரம் அங்கேதான் தெரியும். எனக்கு இந்தச் சோதனையில் மிகப் பிடித்த இடம் இது. பச்சையும் டிசிஎஃப்பும் சேர்ந்து ஏறினால் அவசரப்படாதீர்கள்: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே கசிந்த சைட்டோகுரோம் சி புரதமும் டிசிஎஃப்டிஏ சாயத்தை ஒளிரவைக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்ஓஎஸ்ஸைக் காட்டும் மைட்டோசாக்ஸ் சாயம் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஹீலா செல் வைத்திருப்பவர்கள், பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செரிக்கும் பிங்க்1-பார்கின் புரத வழியைத் தேடி அலைய வேண்டாம். அதில் பார்கின் இல்லாத மாதிரிதான். வெளியிலிருந்து புகுத்தினால்தான் அந்த வழி ஓடும்.

முடிவில் டிஎன்ஏவை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு, கிடைத்த அளவைச் செல் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். செல்கள் செத்து உதிர்ந்த குழியிலும் ஆர்ஓஎஸ் குறைவாகத்தான் காட்டும்.