சிறுதொழில் தொடங்குகிறீர்களா? கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் இல்லை

வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கையில் காசில்லாமல் தொழிலை மூடுபவர்கள் உண்டு. கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி அடுத்த சரக்குக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக வேண்டியது. அதை லாபம் என்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுக்க ஆரம்பித்தால் முதலுக்கே மோசம் வந்துவிடும். அதனால் முதல் நாளிலிருந்தே தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், உங்களுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்து அதை மட்டும் எடுங்கள். சின்னத் தொழில்தானே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம், ஆனால் சின்னத் தொழிலில்தான் ஒரு மாதக் கணக்கு தப்பினாலும் தாங்காது.

வாங்கி விற்பவர்கள் அதிகம் ஏமாறுவது தள்ளுபடியில். 100 ரூபாய்க்கு வாங்கியதை 125-க்கு விற்கிறீர்கள், லாபம் 25. கூட்டம் வரட்டும் என்று 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 112.50, லாபம் 12.50. அதாவது விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு லாபத்தில் சரிபாதி போய்விட்டது, பழைய லாபத்தையே பார்க்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். உடைந்தது, கெட்டது, விற்காமல் தேங்கியது எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை! மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஆரம்பத்திலேயே குவித்து வைப்பதும் இதே ரகம்தான், எது ஓடும் எது ஓடாது என்று தெரியும்வரை கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துக் குறைவாக வாங்குவதே நல்லது.

வீட்டிலிருந்து பொருள் செய்து விற்பவர்கள் மூலப்பொருளுக்கும் பேக்கிங்குக்கும் கணக்கு எழுதுவார்கள், தங்கள் உழைப்பை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆர்டர் குறைவாக இருக்கும்வரை இது தெரியாது. ஆர்டர் கூடி, உதவிக்கு ஒரு ஆளை வைக்கும்போதுதான் அந்தச் சம்பளத்துக்கு விலையில் இடமே இல்லை என்று புரியும், அதற்குள் வாடிக்கையாளர்கள் அந்த விலைக்குப் பழகியிருப்பார்கள். நீங்கள் செய்யும் வேலைக்கு வேறொருவருக்கு என்ன கூலி கொடுப்பீர்களோ அதைச் சேர்த்துத்தான் முதல் விலையையே வைக்க வேண்டும்.

சேவைத் தொழிலில் நாள் முழுக்க உழைத்தாலும் எல்லா மணி நேரத்துக்கும் பணம் வராது. விலை சொல்வது, போய் வருவது, பாக்கிக்காகப் போன் செய்வது எல்லாமே வேலைதான், மணிக் கணக்கில் கட்டணம் போடும்போது இவற்றுக்கும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், எந்த வேலை இந்தத் தொகைக்குள் அடங்கும், எதற்குத் தனிக் கட்டணம் என்று எழுதிக் கொடுத்து, முன்பணம் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஆன்லைனில் விற்பவர்கள், திரும்பி வரும் பொருளுக்கு இரண்டு பக்கக் கூரியர் செலவையும் யார் ஏற்பது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடனுக்கு விற்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. சரக்கு தந்தவருக்கு 15 நாளில் பணம் கட்ட வேண்டும், வாங்கியவர் 60 நாள் கழித்துத் தருவார் என்றால் நடுவில் 45 நாள் உங்கள் பணம்தான் ஓடுகிறது. இங்கே ஆர்டர் கூடக் கூட முடங்கும் பணமும் கூடும், கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், சம்பளம் போடக் காசு இருக்காது. பெரிய ஆர்டர் வந்த சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிடாமல், பணம் எந்தத் தேதியில் வரும் என்று முதலில் கேளுங்கள்.

கூட்டுத் தொழில் என்றால் யார் எவ்வளவு முதல் போடுகிறார்கள், யார் முழுநேரம் உழைக்கிறார்கள், ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நெருங்கிய நண்பரிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். முதல் போடுவதற்கு முன்பு கேட்டுவிடுங்கள், நஷ்டம் வந்த பிறகு கேட்டால் உறவே முறிந்துவிடும்.