கப்பலிலிருந்து இறங்கும் காலையில் சுங்கத் தாமதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பல் விடியற்காலை ஐந்தரை மணிக்கே துறைமுகத்தில் கட்டப்பட்டுவிடுகிறது. ஒன்பது மணியாகியும் பயணிகள் படிக்கட்டுகளிலும் நடைவழிகளிலும் கைப்பைகளுடன் நின்றுகொண்டிருக்கிறார்கள். ‘சுங்கத்தில் தாமதமாம்’ என்ற செய்தி வாய்க்கு வாய் பரவுகிறது. சொகுசுக் கப்பலில் ஒருமுறையாவது சென்றவர்களுக்குப் பழகிய காட்சிதான் இது. ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் அவர்கள் ஒரு சுங்க அலுவலரைக்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். சுங்கம் என்பது அந்தக் காலையின் கடைசிப் படி. அதற்கு முன்பே பல படிகள் இருக்கின்றன, தாமதத்தின் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது.

கப்பல் கரை சேர்ந்ததும் முதலில் வேண்டியது உடல்நல அனுமதி. தொற்றுநோய் இல்லாத கப்பல் என்று துறைமுகம் ஏற்றுக்கொண்டு, கரையோடு தொடர்புகொள்ள விடுவதைக் கப்பல்துறையினர் இன்றும் ‘பிராட்டிக்’ என்ற பழைய சொல்லால் குறிப்பிடுகிறார்கள். வழக்கமாக இது கப்பல் வந்து சேரும் முன்பே தகவல் பரிமாற்றத்தில் முடிந்துவிடும். வழியில் வாந்திபேதி பரவியிருந்தால் அவ்வளவு எளிதில் முடியாது. அடுத்து, பயணிகள், பணியாளர்கள் ஆகியோரின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து எல்லை அலுவலர்கள் கப்பலுக்கு அனுமதி தர வேண்டும். இதற்கிடையே ஆயிரக்கணக்கான பெட்டிகள் இறக்கப்பட்டு, முனையக் கூடத்தில் நிறம் அல்லது எண் வாரியாக அடுக்கப்பட வேண்டும். அதன் பிறகே பயணிகள் இறங்குவார்கள். அவர்களுக்குக் கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டியெடுப்பு, சுங்கம் என்ற வரிசையில் மற்றவை நடக்கும். சில துறைமுகங்களில் கடவுச்சீட்டுச் சோதனையும் சுங்கமும் ஒரே அலுவலரின் மேசையில் முடிந்துவிடும், சிலவற்றில் தனித்தனிக் கூடங்கள் இருக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி சிக்கியிருக்கிறது என்று கேட்டறியாமல் இருப்பதே பலர் செய்யும் முதல் தவறு. டெக்சாஸின் கால்வெஸ்டன், புளோரிடாவின் டாம்பா போன்ற துறைமுகங்களில் குளிர்கால மூடுபனியால் கப்பல் செல்லும் வழியே மூடப்படுவது உண்டு. அப்போது கப்பல் கரைக்கே வராது, மணிக்கணக்கில் தாமதமாகும், விமானத்தை மாற்றியே ஆக வேண்டியிருக்கும். பெட்டிகள் இறங்கத் தாமதமானால் நிலைமை வேறு. பெரும்பாலும் அரைமணி, ஒரு மணியில் சரியாகிவிடும், பொறுத்திருந்தால் போதும். ‘தாமதம்’ என்ற ஒரே சொல்லைக் கேட்டு இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பதற்றப்படுவதால்தான், காத்திருக்க வேண்டியவர்கள் பணம் கட்டி விமானத்தை மாற்றுகிறார்கள், மாற்ற வேண்டியவர்கள் காத்திருந்து விமானத்தைத் தவறவிடுகிறார்கள். கப்பலின் பயணியர் சேவை மேசையில் “கப்பலுக்கு அனுமதி கிடைத்துவிட்டதா, பெட்டிகள் இறங்கிவிட்டனவா?” என்று இரண்டே கேள்விகள் கேட்டால் போதிய விடை கிடைக்கும்.

விமானச் சீட்டில் செய்யப்படும் தவறைத்தான் மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். அட்டவணையில் காலை ஏழு மணிக்குக் கரை சேரும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பத்து மணி விமானத்துக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள். அட்டவணையில் உள்ள நேரம் கப்பல் கரையில் கட்டப்படும் நேரம். பயணி வெளியே வரும் நேரம் அதில் இல்லை. அதோடு துறைமுகமும் விமான நிலையமும் அருகருகே இருக்கும் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. புளோரிடாவின் போர்ட் கனாவெரலிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஹீத்ரோ சுமார் 100 கிலோமீட்டர். ‘ரோம் துறைமுகம்’ என்று விற்கப்படும் சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் நகரத்துக்கே ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். விமானம் புறப்படுவதற்கு நாற்பத்தைந்து நிமிடத்துக்கு முன்போ ஒரு மணி நேரத்துக்கு முன்போ பெட்டி ஏற்பதை விமான நிறுவனங்கள் நிறுத்திவிடும். இவற்றையெல்லாம் கூட்டினால் நண்பகலுக்கு முந்தைய விமானம் ஏன் ஆபத்தானது என்பது விளங்கும். பன்னாட்டு விமானமானால் பிற்பகல் நடுவே புறப்படுவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மறுநாள் பயணமானால் இன்னும் நல்லது. காலை விமானத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கடைசி நாளுக்கு முந்தைய நாளே பயணியர் சேவை மேசைக்குச் சென்று தங்கள் பெட்டி அட்டையை முதலில் இறங்கும் குழுவுக்கு மாற்றித்தரக் கேட்க வேண்டும். இறங்கும் நாள் காலையில் கேட்டால் மாற்ற இயலாது, ஏனெனில் பெட்டிகள் அதற்குள் குழுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்.

ஆவணங்களில் ஏற்படும் சிக்கல்கள் பயணம் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விதைக்கப்பட்டவை. கப்பல் நிறுவனம் தன் பயணிகளின் விவரத்தை எல்லை அலுவலர்களுக்கு முன்கூட்டியே மின்னணு முறையில் அனுப்பிவிடுகிறது. முன்பதிவு செய்தபோது பழைய கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, இடையில் அதைப் புதுப்பித்து, பதிவில் திருத்த மறந்தவர்கள் பலர். தந்தை பெயரை முன்னெழுத்தாக மட்டும் எழுதிய பெயர், கடவுச்சீட்டில் விரிவாக இருக்கும் பெயரோடு பொருந்தாமல் போவதும் உண்டு; தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. முக அடையாளக் கருவி வைத்திருக்கும் முனையங்களில் பதிவு சரியாக இருப்பவர்கள் நொடிகளில் நடந்து போய்விட, பதிவு பொருந்தாதவர்கள் மட்டும் ஓரமாக நிறுத்தப்படுகிறார்கள்.

விசா தேவைப்படுவோர் கவனிக்க வேண்டிய தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனைச் சேர்ந்த நாடொன்றில் கப்பலேறி, துருக்கியிலோ எகிப்திலோ ஒருநாள் நின்று, மீண்டும் ஷெங்கன் துறைமுகத்துக்குத் திரும்பினால் அது புதிய நுழைவாகக் கணக்கிடப்படலாம். ஒருமுறை நுழைவு விசா அங்கே கைகொடுக்காது. பல கப்பல் நிறுவனங்கள் ஏறும்போதே இதைச் சரிபார்க்கின்றன என்றாலும், கப்பல் போகும் துறைமுகங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது பயணியின் பொறுப்பு. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்கள் முதல்முறை நுழையும்போது விரல்ரேகையும் முகப்படமும் தர வேண்டியிருக்கிறது. வரிசை அதனால் நீளக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைசி இரவின் தவறுகள் வேடிக்கையானவை, அடுத்தவருக்கு நேர்ந்தால். இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் முனையத்தில்தான் மீண்டும் பார்க்க முடியும். மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் செருப்பையும் சேர்த்துக் கட்டி வெளியே வைத்துவிட்டு, இரவு உடையில் காலை உணவுக்கு வருபவர்கள் ஏறக்குறைய எல்லாப் பயணத்திலும் இருக்கிறார்கள். கடவுச்சீட்டையே பெட்டிக்குள் வைத்து அனுப்பியவர்களின் நிலை வேடிக்கையாக முடிவதில்லை. கடவுச்சீட்டு, விசா, மருந்து, மூக்குக்கண்ணாடி, ரசீதுகள், விமானச் சீட்டு, நகை, கைப்பேசி மின்னூட்டி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். மருந்துகளை அவற்றின் சொந்தக் குப்பியிலோ அட்டையிலோ, மருத்துவரின் சீட்டோடு வைத்திருந்தால் சோதனையில் கேள்வி குறையும்; வார நாட்களாகப் பிரித்து டப்பாவில் போட்ட பெயரற்ற மாத்திரைகள்தான் கேள்வியைக் கூட்டும். தம் பெட்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிடும் வசதியைப் பல கப்பல்கள் தருகின்றன. எல்லாப் பெட்டிகளையும் பிறர் உதவியில்லாமல் சுமக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி. முடியாதவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் சாய்தளத்தில் அவர்களுக்குப் பின்னால் வருவோர் அனைவரும் நிற்க வேண்டியதுதான்.

மதுப்புட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடைத் துறைமுகங்களில் வாங்கிய புட்டிகளைக் கப்பல் தன் பொறுப்பில் வாங்கி வைத்து, கடைசி மாலையில்தான் திருப்பித் தருவது வழக்கம். அதற்குள் பெரிய பெட்டி கட்டப்பட்டிருக்கும். புட்டி கைப்பைக்குப் போகும். விமான நிலையத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்துக்கு அனுமதி இல்லாத இடமானால் அதைக் குப்பையில் போட வேண்டிவரும். பெட்டியில் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

தீர்வையை, அதாவது சுங்க வரியைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் ‘தீர்வையில்லாக் கடை’ என்ற பெயரால் வருவது. கப்பலிலோ துறைமுகத்திலோ அந்தக் கடையில் வாங்கிய பொருளுக்கு வாங்கிய இடத்தில்தான் தீர்வை இல்லை. இறங்கும் நாட்டின் வரம்பைத் தாண்டினால் அங்கே கட்ட வேண்டும். அமெரிக்காவுக்குத் திரும்பும் குடியிருப்பாளருக்கு வழக்கமான விலக்கு 800 டாலர். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கியவை சேர்ந்தால் இந்த வரம்பு 1,600 டாலர் வரை உயரும். கடல் வழியாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைவோருக்கு மதுவும் புகையிலையும் நீங்கலாக 430 யூரோ, பிரிட்டனுக்கு 390 பவுண்டு, ஆஸ்திரேலியாவுக்கு வயதுவந்தோருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர். பணத்துக்கு வேறு கணக்கு: அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் கொண்டுசென்றால் அறிவிக்க வேண்டும், குடும்பமாகச் சென்றால் எல்லோர் கையிலும் இருப்பதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். சொல்லாமல் எடுத்துச் சென்றால் பறிமுதலாகலாம்.

வரம்பைத் தாண்டியவர்கள் உண்மையைச் சொல்லித் தீர்வையைக் கட்டினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடலாம். மறைத்துப் பிடிபட்டால் பெட்டி முழுவதும் பிரிக்கப்படும், அபராதமும் வரும், அன்றைய விமானமும் போய்விடும். ரசீதுகளை ஓர் உறையில் போட்டு, மொத்தத் தொகையை அதன் மேல் எழுதி வைத்திருப்பவரைச் சோதனை அலுவலர் அதிக நேரம் நிறுத்தி வைப்பதில்லை. வீட்டிலிருந்தே கொண்டுசென்ற விலையுயர்ந்த கேமராவோ கைக்கடிகாரமோ வெளிநாட்டில் வாங்கியதாக ஐயம் எழலாம். அமெரிக்காவில் பயணத்துக்கு முன்பே அதைச் சுங்கத்தில் காட்டி 4457 எண் படிவத்தில் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

ஆனால் கரையில் மிகுதியான பேரை மாட்டிவிடுவது நகையோ மதுவோ அன்று. காலை உணவு மேசையிலிருந்து ‘வழியில் சாப்பிடலாம்’ என்று எடுத்துப் பையில் போட்ட ஓர் ஆப்பிள். கப்பலில் கொடுத்ததுதானே என்ற எண்ணம் இங்கே செல்லாது. பழ ஈக்களின் முட்டையும் பயிர் நோய்களும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்துவிடும் என்பதால் தாவரத் தடைக்காப்புச் சட்டங்கள் பழம், இறைச்சி, விதை, மண் ஆகியவற்றில் கடுமையாக இருக்கின்றன. அமெரிக்காவில் 1984 முதல் பீகிள் இன நாய்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றுப் பைகளை மோப்பம் பிடிக்கின்றன. நியூசிலாந்தில் அறிவிக்காத பழத்துக்கு அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். பழத்தைக் கப்பலிலேயே தின்றுவிட வேண்டும், அல்லது இறங்கும் வழியில் வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மறந்துபோய்ப் பையில் இருந்துவிட்டால், கேட்பதற்கு முன் தாமாகச் சொல்லிவிடுவது நல்லது. பொருளை மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

கடற்கரையில் பொறுக்கியவற்றுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கரீபியக் கடலின் பெரிய இளஞ்சிவப்புச் சங்கு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. பவளப் பாறைத் துண்டுகளுக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. இத்தாலியின் சார்தீனியத் தீவில் மணலையும் கூழாங்கல்லையும் எடுத்துச் செல்வதற்கே 2017 இல் இயற்றிய சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். கடையில் விற்றது என்பதால் மட்டும் ஒரு சங்கையோ, விதைமணி மாலையையோ, பட்டை உரிக்காத மரச் சிற்பத்தையோ எல்லைக்கு அப்பால் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடாது.

கூடத்துக்குள் வந்தபின் செய்யும் தவறுகள் சிறியவை, ஆனால் நேரத்தைத் தின்பவை. கைப்பேசியில் பேசுவதும் படமெடுப்பதும் பல இடங்களில் தடைசெய்யப்பட்டிருக்கும். ஒரே குடும்பத்தினர் ஆளுக்கொரு வரிசையில் நின்று எது முதலில் நகர்கிறது என்று பார்ப்பதால் லாபமில்லை, ஏனெனில் ஒரே அறிவிப்புப் படிவம் தந்திருந்தால் அனைவரும் சேர்ந்தே மேசைக்குச் செல்ல வேண்டும். தனியே அழைத்து மறுசோதனை செய்தால் அது குற்றச்சாட்டு ஆகாது. கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாக விடை சொல்வதே விரைவாக வெளியேறும் வழி. இன்னொன்று: கப்பலின் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தால் உடனே செல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் பொதுவாக முந்தைய பயணத்தின் கடைசி ஆள் சோதனைக்கு வந்து கணக்கு முடிந்த பிறகே அடுத்த பயணத்தினரை ஏற்றுகிறார்கள். இரண்டாயிரம் பேர் ஒருவருக்காகக் காத்திருப்பது அங்கே மிகையான பேச்சன்று.

பெட்டியை எடுக்கும்போது அட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பார்க்காமல் கறுப்புப் பெட்டியென்று இழுத்து வந்துவிடுபவர்கள், தாம் வாங்காத பொருளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். பெட்டியைக் காணவில்லையென்றால் முனையத்தை விட்டு வெளியேறும் முன்பே கப்பல் நிறுவனத்தின் மேசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் சுங்கப் பகுதிக்குள் திரும்ப விட மாட்டார்கள். கப்பலே தாமதமாக வந்து விமானம் தவறியிருந்தால், கரை சேர்ந்த நேரத்தையும் காரணத்தையும் குறித்த கடிதத்தைப் பயணியர் சேவை மேசையில் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பயணக் காப்பீட்டில் இழப்பீடு கோரும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான், கப்பல் மறுநாள் வேறு துறைமுகத்தில் இருக்கும்போது அதைப் பெறுவது எளிதன்று.