எல்லா அநியாயமும் ‘இன்ஜஸ்டிஸ்’ இல்லை

போன மாதம் என் பின்னேர ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளை திருகோணமலை மீன் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். முதல் வரியே ‘த பிரைஸ் ஆஃப் ஃபிஷ் இஸ் அன் இன்ஜஸ்டிஸ்’. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலேயர் ஒருவர் வாசித்தால், மீன்காரர் யாருக்கோ பெரிய கொடுமை செய்துவிட்டார் என்று நினைப்பார். பிள்ளை சொல்ல வந்தது, அறக்குளா மீன் அநியாய விலை என்பதைத்தான். கொப்பியை எடுங்கள், இந்தச் சொல்லை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுவோம்.

படி 1: வாயில் வரட்டும்

எழுத்துகள்: ஐ, என், ஜே, யூ, எஸ், டீ, ஐ, சீ, ஈ. அழுத்தம் நடுவில் உள்ள ‘ஜஸ்’ மேல். கடைசி அசை ‘டிஸ்’, ‘டைஸ்’ இல்லை. பன்மை ‘இன்ஜஸ்டிசஸ்’.

படி 2: உடைத்துப் பாருங்கள்

‘ஜஸ்டிஸ்’ என்றால் நீதி. முன்னால் வரும் ‘இன்’ நம்முடைய ‘அ’ செய்கிற வேலையைச் செய்கிறது. ஆக, அ + நீதி. இவ்வளவு அச்சொட்டாகப் பொருந்தும் சோடி அடிக்கடி கிடைக்காது. சொல் லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காயத்தைக் குறிக்கும் ‘இன்ஜுரி’யும் இதற்குச் சொந்தக்காரச் சொல்தான், அதன் லத்தீன் மூலத்துக்கும் அநீதி என்றுதான் பொருள்.

ஒரு பொறி இருக்கிறது. பெயர்ச்சொல் ‘இன்ஜஸ்டிஸ்’ என்பதால் பெயரடை ‘இன்ஜஸ்ட்’ என்று எழுதாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது ‘அன்ஜஸ்ட்’. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு, ‘இன்’ லத்தீனில் இருந்து வந்தது. ஏன் இரண்டையும் கலந்தார்கள் என்று கேட்டால், அது அவர்கள் வீட்டுப் பிரச்சினை. நாம் பாடமாக்குவோம்.

படி 3: ‘அநியாய’த்தைப் பிரித்தெடுங்கள்

சிக்கல் முழுக்க இங்கேதான். நம் ஊரில் ‘அநியாயம்’ பல வேலை பார்க்கும். மிஞ்சின சோற்றைக் கொட்டினால் ஆச்சி ‘அநியாயமாப் போகுது’ என்பா. ஆங்கிலத்தில் அது ‘வேஸ்ட்’. கோட்டைப் பக்கத்து மான் ஒன்று பொலித்தீன் தின்று செத்தால் ‘அநியாயமாச் செத்துப்போச்சு’ என்போம். அதற்கு ‘வட் எ பிட்டி’ போதும். ஓட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டால் ‘ரிப்-ஆஃப்’. அம்பயர் தவறாக அவுட் கொடுத்தால் ‘அன்ஃபெயர்’.

அப்படியானால் ‘இன்ஜஸ்டிஸ்’ எப்போது? ‘யாருடைய உரிமை பறிபோனது?’ என்று கேட்டுப் பாருங்கள். கனமான ஒரு பதில் இருந்தால் சொல்லைத் தாராளமாகப் போடலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அது ‘இன்ஜஸ்டிஸ்’. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பதும் அதுவே. மீன் விலை உயர்ந்தால் பை மட்டும்தான் காலியாகிறது.

படி 4: முன்னால் ‘ஒரு’ என்ற பொருளில் வரும் ‘அன்’ வேண்டுமா?

அநீதி என்று பொதுவாகப் பேசினால் வேண்டாம்: ‘ஷி ஃபைட்ஸ் இன்ஜஸ்டிஸ்’. குறிப்பிட்ட ஒரு செயல் என்றால் வேண்டும்: ‘தட் லோ வொஸ் அன் இன்ஜஸ்டிஸ்’. அநீதிக்கு ஆளானவரைச் சொல்ல ‘சஃபர்’ என்ற வினை சேரும். பெரும் அநீதிக்கு ‘க்ரோஸ் இன்ஜஸ்டிஸ்’. ‘கிராஸ்’ என்று உச்சரித்தால் புல் ஆகிவிடும், கவனம்.

படி 5: இதமான ஒரு பயன்பாடு

‘டூ சம்வன் அன் இன்ஜஸ்டிஸ்’ என்றால் ஒருவரைத் தப்பாக எடைபோடுவது. இங்கே சட்டமும் இல்லை, உரிமைப் போராட்டமும் இல்லை. நிலாவெளியில் இருந்து வரும் ஒரு பொடியன் தினமும் பிந்தித்தான் வருவான். சோம்பேறி என்று நினைத்து நாலு பேருக்கு முன்னால் ஏசியும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது, தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வருகிறான். அன்றைக்கு வகுப்பில் இந்த வரியைப் பலகையில் எழுதினேன்: ‘ஐ டிட் ஹிம் அன் இன்ஜஸ்டிஸ்.’ பொருளை அவனே எழும்பிச் சொன்னான்.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றில் எதற்கு ‘இன்ஜஸ்டிஸ்’ வரும்?

அ. குற்றம் செய்யாதவர் பத்து வருடம் சிறையில் இருந்தார்.
ஆ. மழையில் நனைந்து புதுச் செருப்பு அநியாயமாப் போச்சு.
இ. மாமியை நான் கஞ்சம் என்று நினைத்தேன். அவதான் என் ரியூஷன் காசைக் கட்டியிருக்கிறா.

‘அ’வுக்கு வரும். ‘ஆ’வுக்கு வராது. ‘இ’க்கு ஐந்தாம் படியில் படித்த வரியை ‘ஹிம்’முக்குப் பதிலாக ‘ஹெர்’ போட்டு எழுதுங்கள்.