எவர்கிளேட்ஸ் தபால்தலை: சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்கோடியில் பரந்து கிடக்கும் எவர்கிளேட்ஸ் ஈரநிலம் தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டதையொட்டி, 1947 டிசம்பரில் 3 சென்ட் மதிப்புள்ள பச்சை நிறத் தபால்தலை ஒன்று வெளியானது. புளோரிடாவின் வரைபடமும் ஒரு வெண்ணிறப் பறவையும் இடம்பெற்ற அந்தத் தபால்தலையை இயற்கை சார்ந்த சேகரிப்புகளில் அடிக்கடி காணலாம்; ஆனால் அதன் கீழே எழுதிவைக்கும் குறிப்பில்தான் பிழைகள் புகுந்துவிடுகின்றன.

அவற்றில் பெரியது பறவையைப் பற்றியது. வெள்ளையாக, நீண்ட கழுத்தோடு நிற்பதால் பலரும் அதைப் பெரிய கொக்கு என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரிய வெண்ணாரை. கொக்கைவிட உயரமானது, அலகு தடித்தது. கொக்கின் கால்கள் கறுப்பாக இருக்க, இதன் கால்கள் வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஒரே மையில் அச்சிட்ட தபால்தலையில் கால் நிறத்தைப் பார்க்க இயலாது என்பதால், நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். இந்த நாரை தென் புளோரிடாவிலும் கரீபியக் கரைகளிலும் மட்டுமே பெரும்பாலும் வாழ்வது. உலகெங்கும் பரவியுள்ள பெரிய கொக்கின் பெயரை இதற்கு இட்டால், அந்த மண்ணுக்கே உரிய பறவையைத் தேர்ந்தெடுத்ததன் பொருள் போய்விடும். 1938இல் புளோரிடாவின் தீவுத்தொடரில் இதன் பெயரிலேயே ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது என்பதை நினைத்தால் அந்தத் தேர்வின் அருமை விளங்கும். இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. 1973 முதல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் இதைப் பெரிய நீலநாரையின் வெண்ணிற வடிவமாக வகைப்படுத்தியதால், பழைய பட்டியல்களில் தனி இனமாகக் குறித்திருப்பதைப் பிழை என்று அடித்துத் திருத்துகிறார்கள். தபால்தலை வெளியான காலத்தில் அது தனி இனமாகவே கருதப்பட்டது. ஆகவே இரண்டு நிலைகளையும் ஆண்டோடு சேர்த்து எழுதுவதே முறை.

அடுத்தது நாளும் ஊரும். தபால்தலை டிசம்பர் 5 அன்று புளோரிடா சிட்டி என்னும் ஊரில் வெளியிடப்பட்டது; குடியரசுத் தலைவர் ட்ரூமன் பூங்காவை அர்ப்பணித்ததோ மறுநாள், எவர்கிளேட்ஸ் சிட்டியில். விழா நாள் முத்திரையிட்ட உறை வரலாற்று மதிப்புடையதுதான் என்றாலும், அதை முதல் நாள் உறை (தபால்தலை வெளியான நாளிலேயே முத்திரையிட்ட உறை) என்று விலை சொன்னால் வாங்கக் கூடாது. அதேபோல், 1934இல் வெளியான பத்துத் தேசியப் பூங்காத் தபால்தலைகளோடு இதையும் ஒரே வரிசையாக அடுக்குவது சரியன்று. பூங்காவுக்கு நாடாளுமன்ற அனுமதி கிடைத்த ஆண்டு அதுவே என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. ஆனால் நிலம் சேர்ந்து பூங்கா உருவாக மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

பழையது என்பதற்காக அதிக விலை கொடுப்பதும் வேண்டாம். அன்றைய சாதாரணக் கடிதக் கட்டணத்துக்குரிய தபால்தலை இது. பத்துக் கோடிக்கும் மேல் அச்சாயிற்று.

எவர்கிளேட்ஸைத் தேங்கிய சேறாக வருணிக்கும் குறிப்புகளையும் காண்கிறோம். ஒக்கிசோபி ஏரியிலிருந்து புளோரிடா விரிகுடா வரை, கோரைப் புல்வெளிகளின் ஊடே, கண்ணுக்குத் தெரியாத மெதுவான வேகத்தில் அகன்று பரந்து நகர்ந்த நீரோட்டம் அது. கால்வாய்களும் கரைகளும் அந்த ஓட்டத்தைத் தடுத்ததே அங்குள்ள நீர்ப்பறவைகள் குறைந்ததற்கு முக்கியக் காரணம். இதை ஒரு வரியாவது எழுதாத ஆல்பப் பக்கம் எனக்குக் குறையுடையதாகவே படுகிறது.

2006இல் வெளியான தென் புளோரிடா ஈரநிலத் தபால்தலைத் தாளுக்கு வேறு வகைக் கவனம் தேவை. பத்துத் தபால்தலைகளும் ஒரே ஓவியத்தின் பகுதிகள். உயிரினங்களின் பெயர்களும் விளக்கமும் தாளின் பின்புறத்தில் உள்ளன. தனித்தனியே உரித்துவிட்டால் காட்சியும் குலையும், விளக்கமும் போகும். உறையில் ஒட்டிப் பயன்படுத்திய 1947ஆம் ஆண்டுத் தபால்தலையை நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம். இந்தத் தாளில் இருப்பவை தாமே ஒட்டும் வகை, அவற்றின் பசை நீரில் எளிதாகக் கரையாது. உறையிலிருந்து பிடுங்க முயன்றால் தபால்தலை கிழியும் என்பதால், சுற்றிலும் சிறிது உறைத்தாளை விட்டுக் கத்தரித்து அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது.